ஃபிரெட் வில்லியம்ஸின் காடு: புள்ளியா, மரமா?

யாரா_கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். வீடு மெல்பனின் மேற்குப் பக்கம், வேலை கீலாங்கில். பதினோரு வருடமாக வாரத்தில் மூன்று நாள் அந்த நெடுஞ்சாலையில் போய் வருகிறேன். போகும்போது வலது கைப் பக்கம் யூ யாங்ஸ் என்ற சின்ன மலைத்தொடர் வரும். தட்டையான சமவெளியில் யாரோ கருங்கல்லைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கும். இத்தனை வருடத்தில் அதை நான் ஏறெடுத்துப் பார்த்ததுகூட இல்லை. "யூ யாங்ஸ் தாண்டியாச்சு, இன்னும் இருபது நிமிஷம்" என்று வீட்டுக்கு போன் பண்ண மட்டும்தான் அது உதவியது.

போன ஜனவரியில் ஒரு மழை நாளில் ஃபெடரேஷன் சதுக்கத்தில் இருக்கும் விக்டோரியா தேசியக் கலைக்கூடத்துக்குள் ஒதுங்கினேன். அங்கே ஒரு படம். மஞ்சளும் பழுப்பும் கலந்த ஒரே தளம், அதன் மேல் கருப்பு, காவி, அரக்கு நிறத்தில் சிறு சிறு திட்டுகள். வானம் இல்லை, அடிவானக் கோடு இல்லை, இதுதான் முக்கியம் என்று கண்ணை இழுத்து நிறுத்தும் பொருள் ஒன்றும் இல்லை. வரைந்தவர் ஃபிரெட் வில்லியம்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஓவியர். பக்கத்துச் சீட்டில் "யூ யாங்ஸ்" என்று போட்டிருந்தது. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. மலையின் பெயரில் ஒரு படம், அதில் மலையே இல்லை.

அந்த ஏமாற்றம் மனதில் கிடந்து உறுத்தவே, அடுத்த சனிக்கிழமை உச்சிவரை ஏறிப் பார்த்தேன். மேலே நின்று மேற்கே திரும்பினால் அந்தப் படம் அப்படியே கீழே கிடக்கிறது! காய்ந்த புல்லின் மஞ்சள், அதில் இங்கொன்றும் அங்கொன்றுமாக மரங்கள். உயரத்திலிருந்து பார்க்கையில் மரத்துக்கு அடிமரம் தெரியவில்லை, கிளை தெரியவில்லை. ஒரு கரும்பச்சைத் திட்டு, பக்கத்தில் அதைவிடக் கருப்பாக அதன் நிழல், அவ்வளவுதான். மலை ஏன் படத்தில் இல்லை என்பதும் புரிந்தது. ஓவியர் மலை மேல் நின்றுகொண்டிருக்கிறார்.

அன்றிலிருந்து ஃபிரெட் வில்லியம்ஸைத் தேடித் தேடிப் படிக்கிறேன். 1927இல் மெல்பனின் ரிச்மண்டில் பிறந்தவர். 1950களில் சில ஆண்டுகள் லண்டனில் இருந்தார். படச்சட்டம் போடும் கடையில் பிழைப்பு, மற்ற நேரமெல்லாம் ஓவியப் படிப்பும், மியூசிக் ஹால் என்ற ஆடல் பாடல் அரங்குகளின் கலைஞர்களைச் செப்புத் தகட்டில் செதுக்குவதும். 1956 கடைசியில் கப்பல் ஏறி ஊர் திரும்பியவர், இனி இந்த நாட்டில் எங்கும் நிற்கும் கம் மரங்களைத்தான் வரையப்போகிறேன் என்று முடிவெடுத்தார். நண்பர்களுக்கு ஆச்சரியம். எழுபது வருடமாக எல்லோரும் வரைந்து வரைந்து காலண்டர் படமாகிவிட்ட ஒன்றை எவனாவது திரும்பத் தொடுவானா? ஆனால் 1982இல் புற்றுநோயில் சாகும்வரை கால் நூற்றாண்டு அவர் அதையேதான் செய்தார்.

அவர் பாணியை "அரை அரூபம்" என்கிறார்கள். உருவம் பாதி, அரூபம் பாதி என்ற அர்த்தத்தில். எனக்கு அந்தப் பெயர் ஒப்பவில்லை. இடத்தை விட்டு விலகி அவர் அரூபத்துக்குப் போகவில்லை, அந்த இடமே அப்படித்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

செம்பருத்தி_மதுரை

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து இணையத்தில் படங்களைப் பார்த்தேன். மனதில் பட்டதை அப்படியே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்குத் தாளித்த கடுகு மேடையில் சிதறின மாதிரிதான் தெரிந்தது. அப்புறம் அதே நாட்டின் பழைய ஓவியர்களையும் பார்த்தேன். ஆர்தர் ஸ்ட்ரீட்டன், டாம் ராபர்ட்ஸ். அடடா, அந்த வெயிலும் நீலமும்! அந்த ஊருக்குப் போகவேண்டும் போல இருந்தது.

உண்மையாகவே கேட்கிறேன். அழகான ஒரு காடு கண் முன்னால் இருக்கும்போது அதை ஏன் அழகில்லாமல் வரையவேண்டும்?

யாரா_கரை

கோபமெல்லாம் இல்லை தம்பி. நானும் முதலில் அங்கேதான் நின்றேன்.

ஸ்ட்ரீட்டனும் ராபர்ட்ஸும் மெக்கபினும் பெரிய ஆட்கள், அவர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதே கலைக்கூடத்தில் இருக்கும் ஃபிரெடரிக் மெக்கபினின் 'த பயனியர்' என்ற படத்தைப் பாருங்கள். 1904இல் வரைந்தது, மூன்று பலகைகள் சேர்ந்த படம். புதிதாகக் குடியேற வந்த தம்பதி, கையில் குழந்தை, கடைசிப் பலகையில் ஒரு கல்லறை. காடு அற்புதமாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் அது அவர்களுக்குப் பின்னால் கட்டின திரைச்சீலை. நம் கண் மனிதர்கள் மேல்தான் போகிறது. கதை அவர்களுடையது, காடு அதற்கு மேடை.

நிஜமான ஆஸ்திரேலியக் காட்டுக்குள் போனால் மேடையே கிடையாது. இங்கே "புஷ்" என்பார்கள். ஒரு மணி நேரம் நடப்பீர்கள், எங்கே திரும்பினாலும் ஒரே மாதிரி. ஒரு மரம் இன்னொன்றைவிடப் பெரிதாகத் தெரியாது. நடுவில் ஓர் ஏரி, ஓரத்தில் ஒரு குன்று என்று கண் தங்க இடம் இருக்காது. அடையாளமே இல்லாததால்தான் ஆட்கள் வழி தவறிப் போகிறார்கள். வெள்ளைக்காரர்கள் ஆரம்பத்தில் இதை அலுப்பூட்டும் நிலம் என்றே எழுதி வைத்தார்கள். பிற்பாடு வந்த ஓவியர்கள் அந்த அலுப்பை மறைக்க ஒரு ஆளையோ, குதிரையையோ, அருகில் ஒரு பெரிய மரத்தையோ கொண்டு வந்து நிறுத்தினார்கள்.

வில்லியம்ஸ் அதை மறைக்கவில்லை. எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதா, சரி, அதையே வரைகிறேன் என்றார். அவர் படத்தில் கண் ஓர் இடத்தில் நிற்காது, அலைந்துகொண்டே இருக்கும். காட்டில் நடக்கும்போதும் கண் அப்படித்தான் அலைகிறது. அழகு என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது இது.

தகடும்_மையும்

இழையைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. நான் சென்னையில் அச்சோவியம் செய்பவன். வில்லியம்ஸ் எங்கள் ஆள். ஓவியர் என்று எல்லோரும் பேசுகிறார்கள், அவர் தகட்டுக்காரர் என்பதைச் சொல்லாமல் அந்தப் புள்ளிகளைப் புரிய வைக்க முடியாது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சு தடவி, ஊசியால் கீறுவோம். கீறிய இடத்தில் செம்பு வெளியே தெரியும். தகட்டை அமிலத்தில் போட்டால் அந்த இடம் மட்டும் அரிக்கும். அப்புறம் மெழுகைக் கழுவி, மையைத் தேய்த்து, மேலே இருப்பதைத் துணியால் துடைத்துவிட்டால் பள்ளத்தில் மட்டும் மை நிற்கும். ஈரக் காகிதத்தை வைத்து பிரஸ்ஸில் உருட்டினால் படம். ஆழமாக அரித்தது கருப்பாக வரும், மேலோட்டமாக அரித்தது சாம்பலாக வரும். கோடு இல்லாமல் ஒரு தளமாக நிறம் வேண்டுமென்றால் குங்கிலியத் தூளைத் தூவிச் சூடு காட்டி, தூளுக்கு இடையில் அரிக்க விடுவோம். அதற்கு அக்வாடின்ட் என்று பெயர்.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள்.

முதலாவது, தகடு மேஜை மேல் படுத்திருக்கும். சட்டகத்தில் நிற்கும் கேன்வாஸ் போல எதிரே இருக்காது. குனிந்து, மேலிருந்து கீழே பார்த்துத்தான் வேலை செய்வோம். வேலை நடக்கும்போது தகட்டைச் சுற்றிச் சுற்றித் திருப்புவோம். எது மேல், எது கீழ் என்பதே மறந்து போகும். அச்சில் இடமும் வலமும் மாறிவேறு வரும். யாரா_கரை உச்சியில் நின்று பார்த்ததும், ஒருவர் தகட்டைக் குனிந்து பார்ப்பதும் ஒரே பார்வை. யூ யாங்ஸ் அவருக்கு ஒரு பெரிய தகடாகத் தெரிந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாவது, செம்பில் மரத்தை வரைய முடியாது. இலை இலையாகக் கீறினால் அமிலம் எல்லாவற்றையும் ஒன்றாகத் தின்று ஒரு குழி ஆக்கிவிடும். கல்லூரியில் நான் ஓர் ஆலமரத்தை ஒரு வாரம் உட்கார்ந்து கீறினேன். அமிலத்தில் பத்து நிமிடம் கூடுதலாக விட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்தால் மரம் போன இடத்தில் ஒரு கருப்புப் பள்ளம். அழுகை வந்துவிட்டது. ஆனால் அச்செடுத்துப் பார்த்தபோது தூரத்தில் நிற்கும் ஆலமரம் மாதிரியே இருந்தது! ஒரு மரத்துக்கு எவ்வளவு குறைவான குறி போதும் என்பதைத் தகடு நமக்குக் கற்றுக்கொடுக்கும். வில்லியம்ஸ் அதைச் செம்பில் கற்றுக்கொண்டு பிறகு எண்ணெய் வண்ணத்துக்குக் கொண்டு போனார். ஒரே காட்சியை முதலில் நீர் கலந்த குவாஷ் வண்ணத்தில், பிறகு தகட்டில், பிறகு கேன்வாஸில், திரும்பவும் தகட்டில் என்று வருடக்கணக்கில் மாற்றி மாற்றிச் செய்தவர் அவர்.

செம்பருத்தி, படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். அது கடுகு இல்லை. தளம் மெல்லிய பூச்சாக, சாயம் ஊறின துணி மாதிரி இருக்கும். அதன் மேல் ஒவ்வொரு திட்டும் கெட்டியாக, மேடு தட்டி நிற்கும். ஒரு திட்டிலேயே இரண்டு மூன்று நிறம், தூரிகையை ஒரு தடவை அழுத்தித் திருப்பி எடுத்த தடம்.

கற்பூரமரம்

நான் கோத்தகிரி. ஓவியம் பற்றி அதிகம் தெரியாது, ஆனால் அந்த மரத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறது.

நீங்கள் கம் மரம் என்று எழுதுவது நம் யூகலிப்டஸ்தான். சமவெளியில் தைல மரம் என்பீர்கள், எங்கள் மலையில் கற்பூர மரம். ஆஸ்திரேலியாவிலிருந்து 1840களில் ஊட்டிக்கு வந்தது. விறகுக்காக நட்டார்கள். புல்வெளியும் சோலையும் இருந்த இடமெல்லாம் அது நின்றுகொண்டது. எங்கள் பாட்டி காலத்தில் இலை பொறுக்கிக்கொண்டு போய் தைலம் காய்ச்சும் கொட்டகையில் போடுவார்கள். பெரிய அண்டா, அடியில் நெருப்பு, ஊரே மணக்கும்.

அந்த மரத்தின் கீழே என்றைக்காவது நின்றிருக்கிறீர்களா? நிழலே இருக்காது. மா, புளி, ஆல் எல்லாம் இலையைக் கூரை மாதிரி விரித்து வைக்கும். கற்பூர மரத்தில் வளர்ந்த இலை செங்குத்தாகத் தொங்கும், வெயிலுக்கு விளிம்பைத்தான் காட்டும். தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அந்த மரம் செய்துகொண்ட ஏற்பாடு. அதனால் வெளிச்சம் இலைக் கூட்டத்துக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். மரத்துக்கு உடம்பே இல்லாத மாதிரி, வானத்தில் அங்கங்கே இலைத் திட்டு மிதக்கிற மாதிரி இருக்கும்.

ஐரோப்பாவில் ஓக் மரம் வரையக் கற்றவர் இந்த மரத்தின் முன்னால் திணறத்தான் வேண்டும். ஓக் மரத்துக்குத் திரட்சி இருக்கிறது, ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல் போட்டால் வந்துவிடும். இதற்கு அது நடக்காது. யாரா_கரை சொல்வது சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த ஆள் மரத்தைச் சிதைக்கவில்லை. மரமே சிதறித்தான் இருக்கிறது.

ஒரு சந்தேகம். எங்கள் மலையில் இவை வரிசையாக நட்ட மரங்கள், பட்டாளம் நிற்கிற மாதிரி ஒரே உயரம். அங்கே இயற்கையாக வளர்ந்தவை எப்படி நிற்கும்?

யாரா_கரை

கற்பூரமரம், உங்கள் பதிவை மூன்று தடவை படித்துவிட்டேன். இலை தொங்கும் விஷயம் இங்கேயே இருக்கும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

சமவெளியில் அவை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நிற்கும். மலைச்சரிவில் நெருக்கம். வில்லியம்ஸ் 1963இல் மெல்பனுக்குக் கிழக்கே டான்டினாங் மலையில் இருக்கும் அப்வே என்ற ஊருக்கு மனைவியுடன் குடி போனார். பெல்கிரேவ் ரயிலில் கடைசியிலிருந்து மூன்றாவது நிலையம். அங்கே வீட்டுக்கு எதிரே சரிவு சுவர் போல எழும்பி நிற்கும். அதனால் அப்வே படங்கள் யூ யாங்ஸ் படங்களுக்கு நேர்மாறு. இங்கே அவர் கீழே பார்க்கவில்லை, நிமிர்ந்து பார்க்கிறார். படத்தில் முக்கால்வாசிக்கு மேல் செம்பழுப்பு மலைச்சரிவு, உச்சியில் ஒரு ஒடுங்கிய பட்டையாக மட்டும் வானம். அந்த விளிம்பில் மெல்லிய வெள்ளைத் தண்டுகளாக மரங்கள். அப்வே படம் ஒன்றுக்குத்தான் 1966இல் நிலக்காட்சிக்கான வின் பரிசு கிடைத்தது.

அப்புறம் 1969, 70 வாக்கில் இன்னும் துணிந்தார். பெரிய வெறும் தளம், அதில் ஒரு கைப்பிடி குறிகள் மட்டும். அந்த அளவுக்குக் குறைத்தபிறகும் பார்த்தவுடன் ஆஸ்திரேலியா என்று தெரிகிறது. எனக்கு அதுதான் ஆச்சரியம்.

செம்பருத்தி_மதுரை

பெரிதாக்கிப் பார்த்தேன். தகடும்_மையும் சொன்ன மேடு தெரிகிறது. ஒரு திட்டில் கருப்புக்கு அடியில் கத்தரிப்பூ நிறம், ஓரத்தில் ஒரு கீற்று வெள்ளை. கைபேசியில் பார்த்தபோது வெறும் கருப்பாகத்தான் இருந்தது.

ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. வானத்தை எடுத்துவிட்டு, மலையை எடுத்துவிட்டு, மனிதரை எடுத்துவிட்டு மண் நிறமும் திட்டும் மட்டும் வைத்தால் அது விருதுநகர் பக்கம் கருவேலங்காடாகவும் இருக்கலாமே? சீட்டில் யூ யாங்ஸ் என்று எழுதியிருப்பதால்தான் அது யூ யாங்ஸ் ஆகிறதா?

தகடும்_மையும்

நல்ல கேள்வி. என் பதில்: திட்டுகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். அவர் அதைத் தன் இஷ்டத்துக்குத் தூவவில்லை. நேரில் போய் உட்கார்ந்து குவாஷில் பதிந்துகொண்டு வந்த பிறகுதான் வீட்டில் பெரிய படம். கருவேலங்காடு வேறு விதமாக அடைத்துக்கொண்டு வளரும், கண்மாய்க் கரையில் நெருக்கி, மேட்டில் விட்டு. அதன் தாளம் வேறு. கண்மாயைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு அந்த இடைவெளி தெரியும். யூ யாங்ஸைப் பார்த்தவருக்கு இந்த இடைவெளி தெரிகிறது. ஒரு மழை நாள் ஏமாற்றத்தை ஒரு வாரம் சுமந்துகொண்டு போய், உச்சியில் நின்று "அப்படியே கிடக்கிறது" என்று யாரா_கரை சொன்னாரே, அந்த இடத்தில்தான் படத்துக்குப் பரீட்சை நடந்தது.

வேலணை

நான் யாழ்ப்பாணத்தான், முப்பது வருசமாக மெல்பனில். இந்த இழையை நேற்றிரவு முழுக்க வாசித்தேன், நல்ல சந்தோசம். ஆனால் ஒரு விசயத்தை ஒருவரும் தொடவில்லை என்றபடியால் எழுதுகிறேன்.

யூ யாங்ஸ் வெறும் காடு இல்லை. அது வாடவுரங் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். அந்தப் பெயரே அவர்களின் மொழியில் இருந்து வந்தது, சமவெளிக்கு நடுவில் இருக்கும் பெரிய மலை என்ற பொருளில். 1802இல் மத்தியூ ஃபிளிண்டர்ஸ் என்ற கடலோடி ஏறினார் என்று உச்சிக்கு அவருடைய பெயர் வைத்திருக்கிறார்கள். அவருக்கு முன்னால் எத்தனை ஆயிரம் வருசமாக ஆட்கள் ஏறியிருப்பார்கள்?

மனிதரை எடுத்துவிட்டு காட்டை மட்டும் வரைந்தார் என்று நீங்கள் பாராட்டுகிறீர்கள். எனக்கு அங்கேதான் தடக்குகிறது. ஆட்கள் இல்லாத நிலம் என்று சொல்லித்தானே இந்த நாட்டைப் பிடித்தார்கள்? ஊரை விட்டு வந்தவன் என்றபடியால் எனக்கு அது இன்னும் கூடுதலாகப் படுகிறதோ தெரியாது. வெறுமையாக வரைந்த நிலத்தைப் பார்த்தால் இங்கே இருந்தவர்கள் எங்கே என்று என் மனம் கேட்கும்.

இன்னொன்று. அவர் கடைசியாகச் செய்த பெரிய வரிசை பில்பரா. மேற்கு ஆஸ்திரேலியாவின் செம்மண், இரும்புத் தாது நிலம். 1979இல் சி.ஆர்.ஏ. சுரங்க நிறுவனத்தின் தலைவர் ராட் கார்னகியின் அழைப்பில்தான் அங்கே போனார். அந்த நிறுவனம் பிறகு ரியோ டின்டோ ஆனது. 2001இல் அந்தப் படங்களை விக்டோரியா கலைக்கூடத்துக்குக் கொடுத்ததும் ரியோ டின்டோதான். அதே ரியோ டின்டோ 2020 மே மாதம் அதே பில்பராவில் ஜூகன் பள்ளத்தாக்குக் குகைகளை வெடி வைத்துத் தகர்த்தது. 46,000 வருசம் மனிதர் புழங்கிய இடம். இதைத் தெரிந்த பிறகு அந்தச் சிவப்பை என்னால் வெறும் நிறமாகப் பார்க்க ஏலாது.

யாரா_கரை

அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி. இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் பதில் எழுதுகிறேன்.

பில்பரா பற்றி நீங்கள் சொன்னது சரி. அந்தப் படங்களைப் பார்க்கும்போது அந்தக் கதையையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். 1979இல் அவர் போய் வந்து, பெரிய எண்ணெய் ஓவியங்களை 1981இல் முடித்து, அடுத்த ஏப்ரலில் இறந்துபோனார். இன்று நமக்குத் தெரிந்தது அவருக்குத் தெரிந்திருக்க வழி இல்லை. ஆனால் பார்க்கும் நமக்குத் தெரியுமே.

ஆட்கள் இல்லாத நிலம் என்ற விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன். 'த பயனியர்' படத்தில் குடியேறியவர் இருக்கிறார், காட்டை வெட்டுகிறார், கடைசியில் தூரத்தில் ஒரு நகரமே எழும்புகிறது. நிலம் எங்களுடையது என்று அந்தப் படம்தான் சத்தமாகச் சொல்கிறது. வில்லியம்ஸ் அந்த வீரனைப் படத்திலிருந்து எடுத்தார். எனக்கு அது வெறுமையாகப் படவில்லை. சொந்தம் கொண்டாடும் கதையை நிறுத்தியதாகத்தான் படுகிறது. ஆனால் அந்த மௌனத்தில் வாடவுரங் மக்களும் இல்லை என்பது உண்மை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இதோடு ஒட்டிய இன்னொன்று. வில்லியம்ஸின் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, பூர்வகுடிகளின் பாலைவனப் புள்ளி ஓவியங்களைப் பார்த்து எடுத்ததா என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். இல்லை. யூ யாங்ஸ் படங்கள் 1960களின் தொடக்கத்தில் வந்தவை. நடு ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் பப்புன்யா என்ற ஊரில் அந்த மக்கள் பலகையில் வரையத் தொடங்கியது 1971இல். அங்கே ஒவ்வொரு குறிக்கும் கதை உண்டு, நீர்ச்சுனை, முன்னோர் நடந்த தடம், யார் வரையலாம் யார் கூடாது என்ற உரிமை. வில்லியம்ஸின் திட்டு ஒரு மரம், அதன் நிழல், அவ்வளவே. ஆனால் இரண்டிலும் நிலத்தை மேலிருந்து பார்க்கும் பார்வை இருக்கிறது. தட்டையான நிலத்தை அடிவானம் வைத்து வரைந்தால் அது ஒரு கோடாகச் சுருங்கிவிடும். மேலிருந்து பார்த்தால்தான் விரியும்.

வேலணை

உங்கள் பதிலை ஏற்றுக்கொள்கிறேன் தங்கச்சி, முழுக்க இல்லையென்றாலும். சொந்தம் கொண்டாடும் கதையை நிறுத்தினார் என்பது நான் யோசிக்காத பக்கம்.

நெருப்பைப் பற்றியும் எழுதவேண்டும். 1968 பெப்ரவரியில் டான்டினாங் மலையில் காட்டுத்தீ வந்தது. அப்வேயில் வில்லியம்ஸ் வீட்டுக்குக் கிட்ட வரைக்கும் எரிந்தது. அதற்குப் பிறகு அவர் எரிந்த காட்டை ஒரு தனி வரிசையாக வரைந்தார்.

2009 பெப்ரவரி 7, கருப்புச் சனிக்கிழமை, நானும் மனைவியும் மெல்பனில்தான் இருந்தோம். 173 பேர் இறந்த நாள். எங்கள் பகுதிக்குத் தீ வரவில்லை, ஆனால் அன்று அடித்த காற்று அடுப்பு வாயைத் திறந்ததுபோல. மூன்று கிழமைக்குப் பிறகு தெரிந்த ஒருவருக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்க வடக்கே போனேன். பாதை இரண்டு பக்கமும் கருப்புக் கம்புகள். நிலம் வெள்ளைச் சாம்பல். முன்பு காட்டுக்குள் பத்து அடி தெரியாது. அன்று மலையின் முதுகெலும்பு தெரிந்தது, ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. கொஞ்ச நாள் கழித்துப் போனபோது அந்தக் கருப்புக் கம்புகள் முழுக்க அடியிலிருந்து நுனி வரை பச்சை மயிர் முளைத்த மாதிரி குருத்து. மரத்தின் பட்டைக்குள்ளே உறங்குகிற மொட்டுகள் சூடு பட்டபின் விழிக்கும் என்றார்கள். தரையில் மரப்பன்னம் என்ற பெரணி, முதல் பச்சை.

வில்லியம்ஸின் எரிந்த காட்டுப் படங்களில் அந்தக் கம்புகளும் பன்னமும் இருக்கின்றன. அவற்றை நான் அரூபம் என்று சொல்ல மாட்டேன். கண்ணால் கண்டிருக்கிறேன்.

கற்பூரமரம்

வேலணை ஐயா, எங்கள் மலையிலும் வெட்டின கற்பூர மரம் அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். எத்தனை தடவை வெட்டினாலும் விடாது. அதன் ஊரில் அது நெருப்புக்காகக் கற்றுக்கொண்ட பாடம் என்று இன்றுதான் தெரிந்தது.

செம்பருத்தி_மதுரை

எரிந்த காட்டு வரிசையைத் தேடிப் பார்த்தேன். ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. அழகில்லாமல் ஏன் வரைந்தார் என்று நான் கேட்ட கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஸ்ட்ரீட்டனை விட்டுக்கொடுக்க மாட்டேன், அது வேறு.

என் அண்ணன் மகன் பிப்ரவரியில் மெல்பனுக்குப் படிக்க வருகிறான். எங்கே போய், எதை முதலில் பார்க்கச் சொல்லட்டும்?

தகடும்_மையும்

அவருடைய அச்சோவியங்கள் எங்கேயாவது காட்சிக்கு வந்தால் விடவேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரே தகட்டின் அடுத்தடுத்த நிலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தால் அங்கேயே அரை நாள் உட்காரலாம். அப்புறம் காகிதத்தைக் குறுக்கே பட்டைகளாகப் பிரித்து, ஒரே கடற்கரையை ஒவ்வொரு பட்டையிலும் ஒரு தடவை வரைந்த குவாஷ் படங்கள், 1971இல் குயின்ஸ்கிளிஃப் கடற்கரையில் செய்தவை. ஒரே தாளில் நாலு கடற்கரை.

யாரா_கரை

ஃபெடரேஷன் சதுக்கத்துக் கலைக்கூடத்தில் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் காசு கிடையாது. ஆனால் மாற்றி மாற்றி மாட்டுவார்கள், போகும் முன் எது காட்சியில் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளட்டும். 1977இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு அது பிறந்த இடத்துக்கு அன்றைக்கே போய்விட்டு வர மெல்பனில்தான் முடியும்.

யூ யாங்ஸுக்குப் பிப்ரவரியில் போனால் காலையில் சீக்கிரம் போகச் சொல்லுங்கள், வெயில் கொளுத்தும். காட்டுத்தீ எச்சரிக்கை உள்ள நாளில் போகவே வேண்டாம். பொழுது சாயும் நேரம் ஏறினால் மரங்களின் நிழல் நீண்டு புள்ளியெல்லாம் கோடாகிவிடும், அது வேறு படம். அவர் வரைந்தது நிழல் மரத்தடியிலேயே ஒட்டிக் கிடக்கும் வெளிச்சம். எனக்கு அது பதினோரு மணிக்குத்தான் கிடைத்தது. தண்ணீர் இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்ளட்டும், தொப்பி மறக்க வேண்டாம். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், கீலாங் போகும் வழியில் நானே இறக்கிவிடுகிறேன்.

வேலணை

ஏறுவதற்கு நானும் வருகிறேன். முப்பது வருசமாக நானும் அந்த ரோட்டால் போய் வருகிறேன், ஒரு நாளும் நிப்பாட்டவில்லை.